மீட்டரைக் கையில் எடு!

ஸ்பீக்கர் பெட்டியின் தச்சு வேலை முடிந்துவிட்டது. 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகையை அளந்து அறுத்தாய், மூலைமட்டம் வைத்துச் சேர்த்தாய், ஃபெவிகால் போட்டு இறுக்கினாய், வூஃபருக்கு வட்டம் வெட்டினாய், உப்புத்தாள் கொண்டு வழவழவென்று தேய்த்தாய். சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய, கீழ் ஓசைக்கான வூஃபரும் மேல் ஓசைக்கான ட்வீட்டரும் அட்டைப்பெட்டிக்குள் தூங்குகின்றன. இவ்வளவு செய்த கை, நாலு ஒயரை இணைக்கிற இடத்துக்கு வந்ததும் ஏன் நின்றுவிட்டது?

ஏனென்று எனக்குத் தெரியும். "கரன்ட் வேலை நமக்கெதுக்கு? தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்துக்கலாம்" என்று வீட்டில் ஒருவர் சொல்லியிருப்பார். "எரிஞ்சுபோனா யார் பொறுப்பு?" என்று இன்னொருவர் கேட்டிருப்பார். "அதெல்லாம் படிச்சவங்க பண்ற வேலை" என்று மூன்றாமவர் முடித்துவைத்திருப்பார். இந்த மூன்று பேச்சும் சேர்ந்து நம் ஊரில் எத்தனை கைகளைக் கட்டிப்போட்டிருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. யார் அந்தத் தெரிந்தவர்? தாயின் வயிற்றிலிருந்து சால்டரிங் அயர்னோடு பிறந்தவரா? என்றைக்கோ ஒருநாள் துணிந்து தொட்டுப் பார்த்தார். அதனால் தெரிந்தவர் ஆனார். இன்றைக்கு அந்த நாள் உனக்கு வந்திருக்கிறது தம்பி. தங்கையே, உனக்கும்தான்.

முதலில் பயத்தைப் பிடித்து அளந்து பார்ப்போம். சுவர் பிளக்கில் இருப்பது 230 வோல்ட். அது ஆளைக் கொல்லும். அதனிடம் வீரம் காட்டாதே. ஆம்ப்ளிஃபயரின் மூடியை நீ திறக்கவே வேண்டியதில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்கள் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் அங்கிருந்து உன் பெட்டிக்கு வரும் ஒயரில் என்ன ஓடுகிறது? 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸ் கொடுக்கும் வீட்டு ஆம்ப்ளிஃபயர் முழு மூச்சில் பாடும்போதுகூட அந்த ஒயரில் வருவது சுமார் 20 வோல்ட். ஐம்பதை எட்டால் பெருக்கினால் 400, அதன் வர்க்கமூலம் 20. பள்ளிக்கூடக் கணக்குதான். அதுவும் நீ ஒயர் போடும் நேரத்தில் ஆம்ப்ளிஃபயர் அணைந்துதான் கிடக்கப்போகிறது. இத்தனை நாள் உன்னை மிரட்டியது கணக்குப் போட்டுப் பார்க்காத ஒரு பூச்சாண்டி. அளந்ததும் ஓடிவிட்டது பார்த்தாயா?

"படிச்சவங்க வேலை" என்று சொன்னவருக்கு ஒரு மனிதரின் கதையைச் சொல்.

எட்கர் வில்ச்சர், 1917-இல் பிறந்த அமெரிக்கர். கல்லூரியில் அவர் படித்தது கலை வரலாறு. நாடக அரங்கம் அமைக்கும் தொழிலுக்குப் போகலாம் என்றிருந்தவரை இரண்டாம் உலகப் போர் ராணுவத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்க அங்கேதான் கற்றுக்கொண்டார். போர் முடிந்து திரும்பியவர் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் கடை வைத்தார். ரேடியோ ரிப்பேர் கடை! நம் ஊர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மேசை விளக்கின் கீழே குனிந்து உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் செய்யும் அதே தொழில்.

அந்தக் காலத்தில் பேஸ் கனமாகக் கேட்க வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். ஸ்பீக்கரின் காகிதக் கோனைச் சுற்றிப் பிடித்திருக்கும் விளிம்பு விறைப்பாக இருக்கும். கோன் நிறைய அசையும்போது அந்த விறைப்பே ஓசையைக் கெடுக்கும். கோனைப் பிடித்து இழுக்க விளிம்புதான் வேண்டுமா, பெட்டிக்குள் அடைபட்ட காற்றே அந்த வேலையைச் செய்யாதா என்று வில்ச்சர் யோசித்தார். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பார், காற்று திருப்பித் தள்ளும். அந்த ஸ்பிரிங்கைத்தான் அவர் பிடித்தார். விளிம்பைத் தொளதொளவென்று தளர்த்திவிட்டு, பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடிவிட்டால் சின்னப் பெட்டியிலிருந்தே சுத்தமான பேஸ் வரும் என்று கண்டார். முதல் மாதிரிக்கு மெத்தையுறைத் துணியில் அந்தத் தளர்ந்த விளிம்பை உருவாக்கிக் கொடுத்தவர் அவருடைய மனைவி ரோஸ்மேரி. பட்டறை வேலை பெண்ணுக்கு வராது என்று எவராவது சொன்னால், தங்கையே, அந்தப் பெயரை எடுத்து முன்னால் வை.

கண்டுபிடித்ததைப் பெரிய கம்பெனிகளிடம் கொண்டுபோனார். வேண்டாம் என்றார்கள். வில்ச்சர் வீட்டுக்குப் போய்ப் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுக்கவில்லை. தன் பெட்டியை அளந்து பார்த்திருந்தவர் அவர். அந்தக் கம்பெனிக்காரர்கள் அளந்து பார்க்காதவர்கள். 1954-இல், தன்னிடம் பாடம் கேட்ட ஹென்றி க்ளாஸோடு சேர்ந்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஏ.ஆர்.-1 என்ற பெட்டி வெளியே வந்தது. பீரோவின் வேலையைப் புத்தக அலமாரியில் அடங்கும் பெட்டி செய்தது. இன்றைக்கு நம் வீடுகளில் சின்ன ஸ்பீக்கர் கனமாகப் பாடுகிறதென்றால் அதில் இந்த ரிப்பேர் கடைக்காரரின் பங்கு உண்டு.

அவரிடம் இருந்த துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனி. கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று நூறு தடவை சொல்வதால் வருவதல்ல அது. செய்து, சோதித்து, எண்ணைப் பார்த்தவனுக்கு வருவது. அதைத்தான் நீ இன்றைக்குச் சம்பாதிக்கப் போகிறாய். மேசைக்கு வா.

வூஃபரின் பின்னால் இரண்டு டெர்மினல் இருக்கும். ஒன்றில் சிவப்புப் புள்ளியோ கூட்டல் குறியோ இருக்கும். மல்டிமீட்டரை ஓமில் வைத்து இரண்டையும் தொடு. 8 ஓம் என்று அச்சடித்த வூஃபர் 6 ஓமுக்கு அக்கம்பக்கமாகத்தான் காட்டும். போலியை வாங்கிவிட்டோமோ என்று பதறாதே. மீட்டர் பார்ப்பது காயிலின் செம்புக் கம்பியை மட்டும். 8 என்பது பாட்டு ஓடும்போது ஆம்ப்ளிஃபயர் சந்திக்கும் தடை. எண்ணே வராவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. சுழியத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். எதுவாக இருந்தாலும் பெட்டியில் மாட்டுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. கடைக்குப் போய்த் தலைநிமிர்ந்து மாற்றி வாங்கலாம்.

அடுத்து ஒரு 1.5 வோல்ட் பேட்டரி செல். அதன் பாசிட்டிவை வூஃபரின் சிவப்பிலும் நெகட்டிவை மற்றதிலும் ஒரு கணம் தொட்டு எடு. கோன் உன்னை நோக்கி வெளியே துள்ள வேண்டும். உள்ளே போனால் குறி மாறியிருக்கிறது. நீயே மார்க்கரால் சரியான குறியைப் போடு. இந்த ஒரு நொடிச் சோதனையைச் செய்யாமல் விட்டதால் எத்தனையோ வீடுகளில் இரண்டு பெட்டிகளும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், பேஸ் காணாமல் போய்விடும், பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் எங்கோ மிதக்கும். ஸ்பீக்கர் மட்டம் என்று பழியைப் பொருள்மேல் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க ஓடுகிறார்கள். ட்வீட்டருக்கு இந்தப் பேட்டரிச் சோதனை வேண்டாம். அதன் காயில் முடியிழைபோல மெல்லியது.

அந்த மெல்லிய காயிலைக் காக்கத்தான் ட்வீட்டருக்குத் தொடராக ஒரு கண்டென்சர் போடுகிறோம். 8 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட் போட்டால் சுமார் 4,200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்க அதற்குப் போகும் சக்தி குறைந்துகொண்டே வரும். கடையில் கேட்கும்போது "நான்-போலார்" என்று அழுத்திச் சொல். ஒரு பக்கம் மைனஸ் கோடு போட்ட சாதாரண எலக்ட்ரோலைட்டிக் இங்கே உதவாது. பாட்டு என்பது இரு திசையிலும் மாறி மாறி ஓடும் மின்சாரம். வூஃபர் பக்கம் ஒரு காயில், 0.3 மில்லிஹென்ரி அளவில், சேர்த்தால் மேல் ஓசைகள் அதற்குப் போவது குறையும். கிராஸ்ஓவர் என்று பெரிய பெயர் வைத்து உன்னை மிரட்டுகிறார்களே, அதன் மிக எளிய வடிவம் இந்த இரண்டு பொருள்கள். உன் ட்வீட்டர் எதுவரை இறங்கலாம் என்று அதனுடைய தாளில் பார்த்துக்கொள். மதிப்பை அதற்கேற்ப மாற்றலாம்.

இப்போது சால்டரிங். ஈயத்தை அயர்னின் நுனியில் உருக்கிக் கொண்டுபோய் ஒயர்மேல் சொட்டவிடுவதுதான் பலரும் செய்வது. அது ஒட்டினமாதிரி இருக்கும், ஒட்டாது. டெர்மினலையும் ஒயரையும் நுனியால் சேர்த்துச் சூடாக்கு. ஈயத்தை அந்தச் சூடான உலோகத்தில் தொடு. தானே உருகி இழைகளுக்குள் ஓடிப் பரவும். எடுத்ததும் ஊதாதே, அசைக்காதே. ஆறியபின் பளபளவென்று இருந்தால் நல்ல ஜாயின்ட். மங்கலாக, சொரசொரப்பாக, உருண்டையாக நின்றால் அது பொய் ஜாயின்ட், மறுபடி சூடாக்கு. ஒயரைப் பிடித்து இழுத்துப் பார். முரட்டுத்தனமாக இல்லை, ஆனால் மனதார இழு. வருவதானால் உன் கையிலேயே வரட்டும், கல்யாண வீட்டில் வர வேண்டாம்.

வூஃபரைப் பலகையில் பொருத்தும்போதுதான் கைதேர்ந்தவர்களே கோட்டை விடுகிறார்கள். பின்னால் இருப்பது கனத்த காந்தம். ஸ்க்ரூடிரைவரின் நுனியை அது வெடுக்கென்று இழுக்கும். கை ஒரு நூல் வழுக்கினால் போதும், காகிதக் கோனில் ஓட்டை. அதனால் இடது உள்ளங்கையைக் கோனுக்கு மேலே கவசமாகப் பிடித்துக்கொள், அல்லது ஒரு தடித்த அட்டையை வெட்டி மேலே வை. ஸ்க்ரூக்களை ஒரே ஓரத்திலிருந்து வரிசையாக முடுக்காமல் எதிரும் புதிருமாக முடுக்கு. இந்த ஐந்து நிமிட நிதானம் உன்னிடம் இருக்குமானால் எந்தப் பட்டறையிலும் உன்னை மதிப்பார்கள்.

பெட்டியை மூடியாயிற்று. ஆம்ப்ளிஃபயரைத் தேடி ஓடாதே! பின்பக்க டெர்மினல்களில் மீட்டரை வை. 6 ஓம் சுமாரில் வருகிறதா? வூஃபர் பேசுகிறது. ட்வீட்டர் தெரியவில்லையே என்று கேட்பாய். அதன் வழியில் கண்டென்சர் நிற்கிறது. மீட்டர் அனுப்பும் நேர் மின்சாரத்தை அது விடாது. இரண்டு டெர்மினலுக்கும் நடுவே ஒயரின் ஒற்றை இழை பிரிந்து நின்று தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பார். அந்த ஒற்றை இழை ஓர் ஆம்ப்ளிஃபயரையே தின்றுவிடும்.

அதன் பிறகு வால்யூமைப் பூச்சியத்தில் வைத்து ஆன் செய். மெல்ல ஏற்று. ட்வீட்டரின் அருகில் காதைக் கொண்டுபோ. மெல்லிய ஓசை வருகிறதா? வூஃபரில் விரல் நுனி வை, துடிக்கிறதா? போன் செயலியில் 40 ஹெர்ட்ஸ் ஓசையை ஓடவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பலகை சேரும் இடங்களிலும் டெர்மினல் ஓரத்திலும் கொண்டுபோ. புகை எங்கே வெடவெடக்கிறதோ அங்கே காற்று ஒழுகுகிறது. கொஞ்சம் சிலிக்கான் பூசு. காயவிடு. மறுபடி பார்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதற்கடுத்த சோதனையை. ஆம்ப்ளிஃபயரின் ஒயர் ஒன்றில் தொடராக 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுப் பெட்டியோடு இணை. மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் டெர்மினலில் பிடி. சிறிய வோல்ட்டைப் படிக்கக்கூடிய மீட்டர் வேண்டும். மிகச் சல்லிசானவற்றில் அந்த ரேஞ்ச் இருக்காது, தெரிந்தவரிடம் இரவல் வாங்கு. வால்யூமை மாற்றாமல், அதே போன் செயலியின் ஓசையை 20 ஹெர்ட்ஸிலிருந்து ஐந்து ஐந்தாக ஏறிக்கொண்டே போய் ஒவ்வோர் எண்ணையும் நோட்டில் எழுது. வோல்ட் ஏறும், ஏறும், ஓர் இடத்தில் உச்சம் தொட்டு இறங்கும். அந்த உச்சம்தான் உன் பெட்டியின் ஒத்ததிர்வு. வூஃபர் தாளில் 40 என்று போட்டிருந்தால் மூடிய பெட்டிக்குள் அது அறுபதுக்கோ எழுபதுக்கோ ஏறியிருக்கும். ஏன் ஏறியது? உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங்காகச் சேர்ந்துகொண்டதால். வில்ச்சர் பிடித்த அதே ஸ்பிரிங், உன் நோட்டில் ஓர் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது! பெட்டியில் போர்ட் குழாய் வைத்திருந்தால் உச்சம் ஒன்றல்ல, இரண்டு வரும். நடுவிலுள்ள பள்ளம்தான் குழாய் வேலை செய்யும் இடம். பள்ளம் நீ நினைத்ததைவிட மேலே இருந்தால் குழாயை நீளமாக்கு, கீழே வரும். நெவில் தீல் என்ற ஆஸ்திரேலியப் பொறியாளர் 1961-இல் எழுதிய கட்டுரைதான் இந்தக் குழாய்ப் பெட்டிகளைக் கணக்குக்குள் கொண்டுவந்தது. பத்தாண்டு கழித்து, 1971-இல் அமெரிக்க ஒலிப் பொறியியல் இதழில் மறுபடி அச்சான பிறகே உலகம் அதைக் கையில் எடுத்தது. இன்றைக்கு அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுக்கும் வின்ஐஎஸ்டி போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கருவி இருக்கிறது, கணக்கு இருக்கிறது, இனி என்ன சாக்கு சொல்லப் போகிறாய்?

ஆனால் எல்லா எண்ணையும் நம்பிவிடாதே. கடைகளில் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் "5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று தங்க எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அந்த எண்ணுக்கு ஒலியியலில் மரியாதை கிடையாது. விளம்பரத்துக்காகப் பிறந்த எண் அது. உண்மையில் பார்க்க வேண்டியது வேறு: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்பது. வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். இதைத் தெரிந்துகொண்ட உன்னை இனி எந்த ஸ்டிக்கரும் ஏமாற்ற முடியாது. மனிதர்களிலும் இப்படி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு. அவர்கள் முன்னால் நீ குனிந்து நிற்பதைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வருகிறது. உன் நோட்டில் இருக்கும் எண்கள் நீ அளந்தவை. நிமிர்ந்து நில்!

கடைசிச் சோதனைக்குக் காது போதும். புதுப்பாட்டு வேண்டாம், உனக்கு மனப்பாடமான பாட்டைப் போடு. பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்; ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறதா, எல்லாம் ஒரே "தும்" என்று ஆகிவிடுகிறதா? நாதஸ்வரம் போடு, காதைக் குத்தினால் ட்வீட்டருக்கு ஒரு சிறு ரெசிஸ்டர் தொடராகச் சேர்க்கலாம். தவிலின் வலந்தலை அடி நறுக்கென்று விழ வேண்டும். பிறகு ஒரு மனிதக் குரல், பக்கவாத்தியம் இல்லாமல். நம் காதுக்குக் குரலைப்போலப் பழகிய ஓசை வேறில்லை. பெட்டியில் தவறு இருந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். கரகரவென்றால் காயில் உரசுகிறதா பார். கடகடவென்றால் உள்ளே ஒயர் பலகையில் அடிக்கிறது, ஒரு டேப் போட்டுக் கட்டு. முதல் தடவையே சரியாகப் பாடாவிட்டால் என்ன? ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு காரணம் உண்டு, ஒவ்வொரு காரணமும் மீட்டருக்கோ காதுக்கோ அகப்படும். "ராசியில்லாத கை" என்ற பேச்சுக்கு இந்த மேசையில் இடம் கிடையாது.

சோதனைகள் முடிந்ததும் பின்பலகையைக் கழற்று. கடைசியாக முடுக்குவதற்கு முன் அதன் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுது. கொள்ளளவு எத்தனை லிட்டர், வூஃபர் எத்தனை ஓம், கண்டென்சர் என்ன மதிப்பு, ஒத்ததிர்வு எத்தனை ஹெர்ட்ஸ், இன்றைய தேதி, உன் பெயர். என்றாவது ரிப்பேருக்குத் திறப்பவர் அதைப் பார்த்து வேலை செய்யட்டும். பாட்டுச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து வாசலில் நிற்கும். உள்ளே கூப்பிட்டு உன் நோட்டைக் காட்டு, மீட்டரை அந்தப் பிள்ளையின் கையில் கொடு. இரண்டாவது பெட்டிக்கு அந்தப் பிள்ளையையே ஒயர் போடச் சொல்.